ஆமைகளை எண்ணுகிறோம், சரி… எண்ணிக்கை குறைந்தால் துறைமுக வேலை நிற்குமா?

சென்னையில் வேலை பார்ப்பவர்களில் பலர் ஒரு முறையாவது 'டர்ட்டில் வாக்' போயிருப்பீர்கள். ஜனவரி பிறந்தால் வார இறுதி நள்ளிரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடை. பங்குனி ஆமையின் தடம் தெரிந்தால், கூட்டைக் கண்டுபிடித்து முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் திரும்பப் புதைப்பார்கள். 1988-லிருந்து மாணவர்கள் செய்துவரும் வேலை இது. குஞ்சுகளைக் கடலில் விடும் வீடியோ ஒவ்வொரு வருடமும் நம் போனுக்கு வந்துவிடும்.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு கிரேட் நிக்கோபார் பிரச்சினையைப் பார்த்தால் ஒரு தப்பான முடிவுக்கு வருவோம். "துறைமுகம் கட்டட்டும், முட்டையை எடுத்து வேற இடத்துல வெச்சா போச்சு!" நண்பர்கள் சிலர் என்னிடம் இப்படித்தான் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே கதையே வேறு.

கிரேட் நிக்கோபார் தீவின் தென்பகுதியில் இருக்கிறது கலாத்தியா விரிகுடா. ஆறு கடலில் கலக்கும் இடம், பின்னால் காடு, முன்னால் திறந்த கடல். உலகத்திலேயே பெரிய கடலாமையான தோணி ஆமை, அதாவது லெதர்பேக், நவம்பர் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரை இங்கே முட்டையிட வருகிறது. நம் நாட்டில் இந்த ஆமை கணிசமான எண்ணிக்கையில் முட்டையிடுவது அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மட்டும்தான். சென்னைக்கு வரும் பங்குனி ஆமை சுமார் 40, 45 கிலோ இருக்கும். தோணி ஆமை சாதாரணமாகவே 300 கிலோவைத் தாண்டும். அது ஏறிப்போன மணலைக் காலையில் பார்த்தால் டிராக்டர் ஓடின மாதிரி இருக்கும்.

இந்த விரிகுடா 1997-ல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. 2021 ஜனவரியில் அந்த அந்தஸ்து நீக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் மத்திய அரசு வெளியிட்ட தேசியக் கடலாமை செயல்திட்டம் கலாத்தியாவை முக்கியமான முட்டையிடும் இடமாகச் சொல்கிறது. 2022 நவம்பரில், தொடக்கத்தில் சுமார் 72,000 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்ட பெருந்திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம் எல்லாம் அதில் அடக்கம். துறைமுகம் வரும் இடம் கலாத்தியா விரிகுடா.

ஆமைகளைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதும் அனுமதியின் நிபந்தனைகளில் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குப் பிரச்சினையே அங்கேதான்.

எண்ணுவது என்றால் என்ன?

கடலாமைக் கண்காணிப்பில் பரபரப்பு எதுவும் கிடையாது. ராத்திரி முழுக்க கரையில் நடக்க வேண்டும். வெள்ளை டார்ச் கூடாது, மங்கலான சிவப்பு வெளிச்சம்தான். ஆமை ஏறி வரும்போது தொந்தரவு செய்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குழி தோண்டி முட்டையிட ஆரம்பித்த பிறகுதான் பக்கத்தில் போகலாம். நீளம், அகலம் அளப்பார்கள். துடுப்பில் எண் பொறித்த உலோகப் பட்டை, தோளுக்குள் அரிசி மணி அளவுக்கு ஒரு சிப். விடிந்ததும் தடங்களை எண்ணுவார்கள். முட்டையிட்ட தடம் எது, சும்மா ஏறி இறங்கிய தடம் எது என்று பிரிக்க வேண்டும். சுமார் 60 நாள் கழித்து கூட்டைத் தோண்டி, எத்தனை பொரிந்தது, எத்தனை கெட்டது என்று ஓடுகளை எண்ண வேண்டும்.

கூடுகளின் எண்ணிக்கையை ஆமைகளின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே பெண் ஆமை ஒரு சீசனில் பத்து நாளுக்கு ஒரு தரம் என ஐந்தாறு கூடு வைக்கும். பிறகு இரண்டு மூன்று வருடம் வராது. அதனால் 500 கூடு என்று செய்தி வந்தால், வந்தது சுமார் 100 ஆமைகளாக இருக்கலாம். ஒரு வருடம் கூடினால் பெருகிவிட்டது என்றோ, ஒரு வருடம் குறைந்தால் அழிந்துவிட்டது என்றோ சொல்ல முடியாது. பத்து, பதினைந்து வருடக் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கு சும்மா வந்ததில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கலாத்தியா கரையில் ஆமை ஆய்வு முகாம் இருந்தது. அங்கே தங்கியிருந்த இளம் ஆய்வாளர் சுனாமியில் மாண்டார். கரையும் போனது, தீவின் தென்முனையே பல அடி அமிழ்ந்தது. பிறகு லிட்டில் அந்தமானில் ஆய்வாளர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 2011 முதல் 2014 வரை பத்து ஆமைகளுக்கு செயற்கைக்கோள் கருவி மாட்டியதில், சில கிழக்கே ஆஸ்திரேலியப் பக்கமும் சில மேற்கே ஆப்பிரிக்கப் பக்கமும் போயிருக்கின்றன. இந்தியப் பெருங்கடலின் இரண்டு ஓரங்களிலும் மேயும் ஜீவன், முட்டையிட மட்டும் இந்தத் தீவுகளைத் தேடி வருகிறது.

"சுனாமிக்குப் பிறகும் வந்ததே?"

திட்டத்தை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இது. கரை அழிந்தது, சில வருடத்தில் மணல் திரும்பச் சேர்ந்தது, ஆமைகளும் திரும்பின. அப்புறம் என்ன? தோணி ஆமை மற்ற ஆமைகள் அளவுக்கு ஒரே கரையில் பிடிவாதமாக இருக்காது என்பதும் உண்மை. லிட்டில் நிக்கோபாரில் ஆமைகளுக்கென்று புதிய சரணாலயமும் அறிவித்தாகிவிட்டது.

ஆனால் சுனாமிக்குப் பிறகு கரை திரும்பியதற்குக் காரணம், மணல் நகர்வதை யாரும் தடுக்கவில்லை. அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நாம் நிக்கோபார் போக வேண்டாம். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் அரித்தது. புதுச்சேரியில் துறைமுகச் சுவர் வந்தபின் ஊர்க் கடற்கரை இருந்த இடத்தில் வெறும் பாறாங்கல்தான் மிஞ்சியது. இதோடு கப்பல் போக்குவரத்து, தூர் வாருதல், இரவெல்லாம் எரியும் விளக்கு. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கின்றன.

பொரிப்பகம் வைத்தால்? மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில் ரந்தாவ் அபாங் என்ற கரை. 1950-களில் அங்கே வருடத்துக்குப் பத்தாயிரம் தோணி ஆமைக் கூடுகள். முட்டையை மக்கள் எடுத்துச் சாப்பிட்டார்கள், கடலில் வலைகளில் ஆமைகள் மாட்டின. 1960-களிலேயே பொரிப்பகம் தொடங்கினார்கள். மணல் சூடானால் பெண், குளிர்ந்தால் ஆண் என்று முட்டையின் வெப்பம்தான் குஞ்சின் பாலினத்தை முடிவு செய்கிறது என்பது அப்போது தெரியாது. பொரிப்பகத்துச் சூட்டில் கிட்டத்தட்ட எல்லாமே பெண்ணாகப் பிறந்தன. இன்று அந்தக் கரைக்குத் தோணி ஆமை வருவதே அபூர்வம்.

ரந்தாவ் அபாங்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. குஞ்சு வளர்ந்து முட்டையிட வர பத்து வருடத்துக்கு மேல் ஆகும். இன்று கரை கெட்டாலும், ஏற்கெனவே வளர்ந்த ஆமைகள் பல வருடம் வந்துகொண்டே இருக்கும். அறிக்கையில் எண்ணிக்கை நன்றாகவே தெரியும். சரிவு கண்ணில் படும்போது துறைமுகம் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது யார் நிறுத்துவார்கள்?

கொழும்பிலும் சிங்கப்பூரிலும் நம் சரக்கு மாற்றப்படுவதால் இழப்பு, மலாக்கா நீரிணைக்குப் பக்கத்தில் நமக்கு ஓர் இடம் வேண்டும் என்ற வாதங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. அவை விவாதிக்கப்பட வேண்டியவை. "கண்காணிப்போம்" என்ற ஒரு வார்த்தையை வைத்து ஆமைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. நோயாளியின் பிரஷரை மணிக்கொரு தரம் எழுதி வைப்பதும் வைத்தியமும் ஒன்றல்லவே.

ஆகவே கேட்க வேண்டியது மூன்றே விஷயம். கலாத்தியாவில் ஒவ்வொரு சீசனும் எத்தனை கூடு, எத்தனை தனி ஆமை, எத்தனை குஞ்சு என்ற கணக்கு, சீசன் முடிந்த சில வாரங்களில் எல்லோரும் பார்க்கும்படி வெளியாக வேண்டும். வந்த ஆமைகளின் எண்ணிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல், பொரியும் விகிதமும் கரையின் அகலமும் எந்த அளவுக்குக் கீழே போனால் வேலை நிற்கும் என்பதை இப்போதே எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்கை எடுப்பவர்கள் திட்டத்தின் காசில் சம்பளம் வாங்குபவர்களாக இருக்கக் கூடாது.