கேட்பவரை வெளியே அனுப்பாதீர்கள்

சபைக்குள் கேள்வி கேட்கிறவருக்கு இரண்டு பக்கமும் இடி. "விசுவாசம் இருந்தால் இப்படிக் கேட்பாயா?" என்கிறார் உள்ளே இருக்கும் மூப்பர். "இவ்வளவு கேள்வி இருக்கிறவன் இன்னும் ஏன் கோவிலுக்குப் போகிறாய்?" என்கிறார் வெளியே இருக்கும் நண்பர். ஒருவர் வாயை மூடச் சொல்கிறார், மற்றவர் வாசலைக் காட்டுகிறார். ஆனால் இருவரும் நம்புவது ஒன்றையே: கேள்வியும் விசுவாசமும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியாது. வேதத்தை ஒழுங்காகப் படித்த எவரும் இதை ஏற்க முடியாது.

தோமாவை எடுத்துக்கொள்வோம். பரங்கிமலையில் உயிர் கொடுத்தவர் என்று நம் மரபு போற்றும் அப்போஸ்தலர் அவர். ஆனால் ஓய்வுநாள் பள்ளியில் அவரை 'சந்தேகத் தோமா' என்று பிள்ளைகளுக்கு எச்சரிக்கையாகக் காட்டுகிறோம். யோவான் எழுதிய சுவிசேஷத்தை முழுவதும் படித்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். யூதேயாவுக்குத் திரும்பினால் கல்லெறிவார்கள் என்று மற்ற சீடர்கள் தயங்கியபோது, நாமும் போய் அவரோடு சாவோம் என்றவர் தோமா. கடைசி இராப்போஜனத்தில், போகும் இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று கேட்டவரும் அவரே. இயேசு தம்மையே வழி என்று சொன்னது அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்ட பிறகும், எட்டு நாள் கழித்து அதே சீடர்களோடு வீட்டுக்குள் இருந்தார். அவர்களும் அவரை விலக்கவில்லை, அவரும் விலகிப் போகவில்லை. இயேசு வந்தார், காயத்தைக் காட்டினார்.

கேட்காதே என்பது எவ்வளவு கொடுமை என்பதைச் சாவு வீட்டில் பார்க்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, உமக்குக் கண்ணில்லையா?" என்று கதறுகிறாள். உடனே யாராவது அவள் தோளைப் பிடித்து, "அப்படிச் சொல்லாதேம்மா, எல்லாம் அவர் சித்தம்" என்பார். இன்னொருவர் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பாட ஆரம்பிப்பார். அவள் குரல் பாட்டில் அமுங்கிப்போகும். ஆறுதல் என்று நினைத்தே செய்கிறார்கள். யோபுவின் நண்பர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். யோபுவின் புத்தகம் 42 அதிகாரம். கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம், அவருக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்கள்மேல் பாய்கிறது. அவரோடு வழக்காடிய யோபுவே சரியாகப் பேசியவன் என்று தீர்ப்பாகிறது. 88ஆம் சங்கீதம் ஒரு துளி ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதை நம் முன்னோர் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. அந்தத் தாயை மட்டும் ஏன் அடக்குகிறோம்?

அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்டாலோ கதையே வேறு. பாஸ்டரேட் கமிட்டியில் காணிக்கைக் கணக்கை ஒருவர் கேட்டால் போதும், அபிஷேகம் பெற்றவரைத் தொடலாமா என்று 105ஆம் சங்கீதத்தைக் காட்டி உட்கார வைத்துவிடுவார்கள். அந்தச் சங்கீதம் பேசுவது, சொந்த நாடில்லாமல் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றி, எச்சரிப்பது ராஜாக்களை. திக்கற்றவர்களைக் காத்த வசனத்தைப் பதவியில் இருப்பவருக்குக் கேடயமாக்குவது வேதப் புரட்டு. அந்தியோகியாவில் பேதுருவையே நேருக்கு நேர் எதிர்த்ததாகக் கலாத்தியருக்குப் பவுல் எழுதுகிறார். அவரைச் சபைத் துரோகி என்று சொல்ல யாருக்காவது துணிவு உண்டா?

பிடிக்கவில்லை என்றால் வெளியே வா என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கர்களைச் செத்த பிறகும் பிரித்து வைத்தது ஒரு சுவர். அதைக் கேள்வி கேட்டவர்கள் ஏன் வெளியேற வேண்டும்? கோவில் அவர்களுடையதும்தான். அவர்களைப் போன்றவர்கள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2003இல் போப் இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டைத் தமிழக ஆயர்களிடமே கண்டித்துப் பேசினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித்துகளுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. போதுமா என்றால் போதாது. எல்லோரும் வெளியேறியிருந்தால் இதுவும் வந்திருக்காது.

இலங்கையின் திஸ்ஸ பாலசூரிய, அமலமரித் தியாகிகள் சபைக் குரு. மரியாளைப் பற்றி எழுதிய புத்தகத்துக்காக 1997 ஜனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். அவர் தனிச் சபை தொடங்கவில்லை. தமக்கு நீதி கேட்டு அதே திருச்சபையோடு வழக்காடினார். ஒரு வருடத்தில் தண்டனை நீங்கியது. 2013இல் கத்தோலிக்கக் குருவாகவே இறந்தார். இவருடைய விசுவாசத்தை அளக்க எந்த மூப்பரிடம் கோல் இருக்கிறது?

கேட்காதே என்பதைச் சிறுவயதிலேயே பழக்கிவிடுகிறோம். திடப்படுத்தல் வகுப்புகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வினாவும் நாமே எழுதி, விடையும் நாமே எழுதி, மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அவர்களுடைய சொந்தக் கேள்விகளுக்கு வாரம் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். போதகர் ஐயாவும் கூட உட்காரட்டும். விடை தெரியாத இடத்தில், "எனக்கும் தெரியவில்லை தம்பி, அடுத்த ஞாயிறும் வா" என்று சொல்லட்டும்.