பீகிள் நாய் விவசாயி வீட்டுக்கு ஏற்றதா?

நாஞ்சில் நாட்டுக் கிராமங்களில் முன்பெல்லாம் நாயை விலை கொடுத்து வாங்குவோர் அரிது. பக்கத்து வீட்டில் ஈன்ற குட்டிகளில் ஒன்றைக் கொண்டு வந்து, பழஞ்சோறு வைத்து வளர்ப்பார்கள். அது வீட்டையும் களத்தையும் காத்துக் கிடக்கும். இப்பொழுது வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பீகிள் என்னும் சீமை நாய்க்குட்டியை வாங்கி வந்து, "பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துணை, உங்களுக்குக் காவல்" என்று சொல்லி விட்டுச் செல்கிறார்கள். இதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு என்பதே என் கருத்து.

எங்கள் பக்கத்து வீட்டுக்கு அப்படி ஒரு பீகிள் வந்தது. கும்பப்பூ அறுவடை சமயம், கீரியின் வாடையைப் பிடித்துக்கொண்டு கால்வாய்க் கரையோடு போய்விட்டது. இரண்டு நாள் தேடி ஒரு தென்னந்தோப்பில் கண்டுபிடித்தார்கள். "சொன்ன பேச்சுக் கேளாத நாய்" என்று பெரியவர் சங்கிலியில் கட்டினார். அன்று முதல் இராத்திரி முழுவதும் ஊளை. முடிவில் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். வீட்டுக் குழந்தை ஒரு வாரம் அழுதது. குற்றம் நாயினுடையதா?

நாயின் குணம் அதன் முன்னோர் செய்த வேலையிலிருந்து வருவது. பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்று உருவாக்கப்பட்ட நாய். கூட்டமாக ஓடி, மோப்பத்தால் முயலைத் தொடர வேண்டும். பின்னால் வரும் வேட்டைக்காரருக்கு இடம் தெரியும்படி உரக்கக் கத்த வேண்டும். கூட்டத்தில் மற்ற நாய்களோடு சண்டையிடக் கூடாது. ஆகவேதான் சுமார் 10 கிலோ எடையுள்ள இந்த நாய் குழந்தைகளிடமும் மற்ற நாய்களிடமும் சாதுவாக இருக்கிறது. ஆகவேதான் வாடை கிடைத்தால் எசமான் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. தனியே கட்டினால் ஊளையிடுகிறது. புதியவர் வந்தால் சத்தம் போடும். பிறகு வாலை ஆட்டும். திருடனுக்கும் அப்படியே.

அதற்காக பீகிளுக்குப் பழக்கம் வராது என்று சொல்வது அறியாமை. அமெரிக்க வேளாண்மைத் துறை 1984ஆம் ஆண்டு முதல் விமான நிலையங்களில் பீகிள்களை வேலைக்கு வைத்தது. பயணிகளின் பெட்டியில் மாம்பழமோ இறைச்சியோ இருந்தால் அந்த நாய் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுக்கும். பழ ஈ போன்ற பூச்சிகளும் நோய்களும் நாட்டுக்குள் நுழையாமல் காப்பதற்கே இந்த ஏற்பாடு. மூக்குக்கு வேலையும் வாய்க்குத் தீனியும் கொடுத்ததால் நாய் கற்றுக்கொண்டது.

நாமும் அதே வழியில் செல்ல வேண்டும். எட்டு வாரம் நிறைந்த குட்டியையே வாங்குங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தவுடன் சிறு துண்டுத் தீனி கொடுங்கள். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் போதும். நேரம் கழித்து வந்தாலும் அடிக்காதீர்கள். அடித்தால் மறுமுறை வரவே வராது. மதில் இல்லாத வீட்டில் கயிறின்றி வெளியே விடக் கூடாது. பெருந்தீனி தின்னும் நாயானதால் அளவோடு உணவு வையுங்கள். இரண்டு பருவ மழையும் பெறும் நம் மாவட்டத்தில் தொங்கும் காதுகளில் ஈரம் தங்கிப் புண் வரும். வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

காவல்தான் வேண்டும் என்போருக்கு நம் தமிழ்நாட்டிலேயே நாய்கள் உண்டு. இராஜபாளையம் புதியவரை எளிதில் நம்பாது. ஆனால் ஆட்கள் வந்து போகும் வீட்டில், குட்டியிலேயே பலரிடமும் பழக்காவிட்டால் ஆபத்து. வெள்ளைக் குட்டிகள் சிலவற்றுக்குக் காது கேளாது. வாங்குமுன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். சிப்பிப்பாறையும் முயல் வேட்டை நாயே. ஆனால் அது கண்ணால் கண்டதைத் துரத்தும். கோழி வளர்ப்போர் இதை மறக்கக் கூடாது. இவை எதுவும் வேண்டாம் என்றால் தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி ஒன்றே போதும். நம் வெயிலும் மழையும் அதற்குப் பழக்கம், செலவும் குறைவு.

எந்த நாயானாலும் மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். சாதுவான நாய் என்று நம்பிச் சிறு குழந்தையை அதனிடம் தனியே விடலாகாது.

மாடு வாங்கும்போது பால் மாடா, உழவு மாடா என்று கேட்டு, சுழி பார்த்து, பல் பிடித்துப் பார்த்து வாங்குகிறோம். நாய்க்கும் அந்தக் கேள்வி வேண்டாமா? நாள் முழுவதும் ஆள் இருக்கும், மதில் உள்ள வீட்டில், பிள்ளைகளின் தோழனாக பீகிள் இருக்கட்டும். களத்து நெல்லுக்கும் தோப்புக்கும் காவலாக அதை வாங்கி, பிறகு அதன் பேரில் பழி போட வேண்டாம்.