ராக்கெட் முன்னே... சத்தம் பின்னே!

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காடு கரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வடக்கே நெருப்புப் பிழம்பு ஒன்று சரசரவென மேலே ஏறும். சத்தமே இருக்காது! 'என்னடா இது, ஊமைப் படமா?' என்று நினைக்கும்போதுதான் உறுமல் வந்து சேரும்.

ஏவுதளம் இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் பாய்வதால், கண் சிமிட்டும் நேரம்கூட அதற்குத் தேவையில்லை. ஒலியோ காற்றில் விநாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். வந்து சேர 100 விநாடி ஆகிவிடும். சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்தால் புகைத்தடம்தான் மிச்சம்.

ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். மின்னல் அப்படிச் சொல்லிக்கொண்டு வராது. ஆனால், இதே கணக்கு அங்கே உயிரைக் காப்பாற்றும்.

மின்னல் தெரிந்ததும் விநாடிகளை எண்ணுங்கள். 3 விநாடிக்கு 1 கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும் அடுத்தது உங்கள் பக்கம் விழலாம். ஏரியில் ஆழம் குறைவு என்பதால் தண்ணீரில் இறங்கி நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர்கள் இங்கே உண்டு. அந்த வெட்டவெளியில் உயரமாக நிற்பது ஆளும் படகும்தான். உடனே கரையேறி கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடி வேண்டவே வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வந்தால் போதும்.