சொடுக்கியது விரலா, நிரலா?

தட்கல் டிக்கெட் எடுக்க ஸ்க்ரிப்ட் எழுதுகிறவனைப் பற்றி காலேஜ் கேண்டீன்களில் இரண்டே கருத்துகள்தான் கிடைக்கும். ஒன்று, "அவனுக்கு மூளை இருக்கு, எடுக்கிறான், உனக்கென்ன?" இன்னொன்று, "திருட்டுப்பயல், பிடிச்சு உள்ளே போடணும்." இரண்டுமே ஓடுகிறவனைப் பற்றிய பேச்சு. 11 மணிக்கு விசில் ஊதி ஓட்டப்பந்தயத்தை ஆரம்பித்து வைக்கிறவரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

கோவில்பட்டியிலிருந்து சென்னை சுமார் 590 கிலோமீட்டர். நெல்லை எக்ஸ்பிரஸ், முத்துநகர், கன்னியாகுமரி என்று ராத்திரி வண்டிகளுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் பொங்கல் முடிந்து திரும்புகிற ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் என்றால் கதையே வேறு. எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து சென்னைக் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் போனவர்கள் எல்லோரும் ஒரே நாளில்தான் திரும்ப வேண்டும். ஆம்னி பஸ்காரர்கள் அன்றைக்குச் சொல்லும் விலை ஊரறிந்தது. மிச்சம் இருக்கிற ஒரே வழி தட்கல். 2015 முதல் ஏ.சி.க்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 11 மணி 2 நிமிடத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட் எட்டிப் பார்க்கும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் பெயர், வயது, பெர்த், கேப்ட்சா, பணம் எல்லாம் முடிய வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் அம்மாவுக்காக ஒற்றை விரலால் டைப் அடிக்கும் பையன் எத்தனாவது ஆளாக வருவான்?

இப்போது ஸ்க்ரிப்ட் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. பக்கத்தில் உள்ள ஒரு பட்டனைக் கையில் பிடித்து 'கிளிக்' என்ற செயற்கூறை அழைத்தால் போதும், விரல் படாமலே பட்டன் அமுங்கும். பெயர்ப் பெட்டியில் எழுத்தைத் திணிப்பதில்தான் ஒரு சின்னச் சிக்கல். ஆங்குலர், ரியாக்ட் வகையறாவில் கட்டிய தளங்களில் பெட்டிக்குள் பெயரை வைத்தால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கிற நிரலுக்குத் தெரியாது. அது 'இன்புட்' என்கிற நிகழ்வுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிகழ்வை நாமே தயாரித்து 'டிஸ்பேட்ச் ஈவென்ட்' மூலம் அனுப்பினால்தான் பெயர் வந்ததாகவே அது ஒத்துக்கொள்ளும். 2000ஆம் வருடத்து டாம் இரண்டாம் நிலைத் தரத்திலேயே இந்த வசதி உண்டு. கொல்லைப்புற வழி இல்லை, வாசல் வழியேதான்.

இதே வேலைக்கு சென்னையில் ஆயிரக்கணக்கான பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்பது கொசுறுத் தகவல். 2004இல் தாட்வொர்க்ஸ் கம்பெனியில் ஜேசன் ஹக்கின்ஸ் ஆரம்பித்த செலினியம் செய்ததும் இதைத்தான்: மனிதன் சொடுக்குவது போலவே சொடுக்கிப் பார்த்து, தளம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பது. அதே வரிகளை ஆபீஸில் எழுதினால் டெஸ்ட் இன்ஜினீயர், 11 மணிக்கு எழுதினால் திருடன்!

"அப்படியானால் போலிச் சொடுக்கைக் கண்டுபிடித்துத் தடுத்துவிட வேண்டியதுதானே?" என்பது அடுத்த கேள்வி. உலாவியே ஒரு முத்திரை குத்துகிறது. ஒவ்வொரு நிகழ்விலும் 'இஸ் டிரஸ்ட்டட்' என்று ஒரு குறிப்பு இருக்கும். உண்மையான விரல் என்றால் ஆம், பக்கத்தில் ஓடும் ஸ்க்ரிப்ட் என்றால் இல்லை. ஸ்க்ரிப்டால் இதை மாற்ற முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செலினியத்தின் இன்றைய வடிவமான வெப்டிரைவர் உலாவிக்கு வெளியிலிருந்து ஓட்டுவதால் அது சொடுக்கினால் 'ஆம்' என்றே விழும். ஆட்டோஹாட்கீ மாதிரி மவுஸையே நகர்த்தும் மென்பொருளுக்கும் 'ஆம்'தான். தொழில்முறை ஏஜெண்டுகளின் மென்பொருளுக்கு உலாவியே தேவையில்லை. நேராக சர்வருக்குக் கோரிக்கை அனுப்பிவிடும், அங்கே சொடுக்கு என்ற சமாச்சாரமே கிடையாது. முத்திரையைப் பார்ப்பது பக்கத்தில் உள்ள நிரல் மட்டும்தான், சர்வருக்கு அது தெரியவே தெரியாது.

அப்போது இந்தத் தடுப்பில் மாட்டுவது யார்? படிவத்தைத் தானாக நிரப்பும் நீட்சி வைத்திருப்பவர், மவுஸ் பிடிக்க முடியாமல் கீபோர்டிலேயே இணைப்புகளைத் திறக்கும் நீட்சியை நம்பியிருப்பவர். பெரிய மீன் தப்பிவிடும், அயிரை மீன்தான் வலையில் விழும்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு இந்தக் கூத்து புதிதல்ல. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்று பிரித்தார்கள். பாதி வேலை மெஷின், பாதி வேலை கை என்றால் அது எந்தப் பக்கம்? பகுதி இயந்திரம் வைத்திருந்த சின்ன ஆலைக்காரர்கள் 18இல் மாட்டிக்கொண்டு புலம்பினார்கள். கடைசியில் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லாத் தீப்பெட்டிக்கும் 12 என்று ஒன்றாக்கிவிட்டார்கள். கையா மெஷினா என்று பிரித்துப் பார்ப்பது குச்சியிலேயே அவ்வளவு கஷ்டம் என்றால் சொடுக்கில் எப்படி இருக்கும்?

போலீஸ் நடவடிக்கை இல்லாமலும் இல்லை. 2017 டிசம்பரில் சி.பி.ஐ. தன்னிடமே வேலை பார்த்த ஒரு புரோகிராமரைக் கைது செய்தது. தட்கல் மென்பொருள் எழுதி ஏஜெண்டுகளுக்குக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் முன்பு வேலை பார்த்த இடம் ஐ.ஆர்.சி.டி.சி.! 2020 அக்டோபரில் திருப்பூரைச் சேர்ந்த ஐ.ஐ.டி. பட்டதாரி ஒருவரை 'சூப்பர் தட்கல்' என்ற செயலிக்காக ரயில்வே பாதுகாப்புப் படை பிடித்தது. சுமார் நான்கு வருடத்தில் 20 லட்ச ரூபாய் சம்பாதித்தார் என்றார்கள். 1989ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவு இணைய டிக்கெட் வியாபாரத்துக்கும் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. டிக்கெட்டைப் பதுக்கி விற்கிறவன் தண்டனை அனுபவிக்கட்டும், அதில் தகராறு இல்லை. ஆனால் அம்மாவுக்கு ஒரு டிக்கெட் எடுக்க ஸ்க்ரிப்ட் ஓட்டுகிற ஹாஸ்டல் பையனையும் அந்தக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். அவன் யாரையோ தள்ளிவிட்டுத்தான் முன்னால் போகிறான், உண்மை. ஆனால் அங்கே தள்ளாமல் முன்னால் போகிறவர் யார்?

2025 ஜூலையிலிருந்து இணையத் தட்கலுக்கு ஆதார் கட்டாயம், ஜூலை 15 முதல் ஓ.டி.பி.யும் உண்டு. முதல் அரைமணி நேரம் ஏஜெண்டுகளுக்கு அனுமதி இல்லை. அதற்கு முந்தைய மாதம் ரயில்வே சொன்ன கணக்கில், முதல் ஐந்து நிமிட லாகின் முயற்சிகளில் பாதி வரை மனிதர்களுடையதே அல்ல. இரண்டரைக் கோடி கணக்குகளை முடக்கியதாகவும் சொன்னார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஆதார் சொல்வது ஆள் யார் என்பதை. பெட்டியை நிரப்பியது விரலா நிரலா என்பதை அது சொல்லாது. ஆதார் உள்ளவன் ஸ்க்ரிப்ட் வைத்திருந்தால் ஆதார் உள்ள ஒற்றை விரல்காரனை இன்றைக்கும் தோற்கடிப்பான்.

செய்ய வேண்டியது வேகத்துக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துவது. 11 மணியிலிருந்து 11.15 வரை எல்லோரிடமும் கோரிக்கை வாங்கட்டும், பிறகு குலுக்கட்டும். முதல் நொடியில் வந்தவருக்கும் பதினான்காவது நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே வாய்ப்பு. அந்த நிமிடமே ஸ்க்ரிப்டுக்கு வேலை போய்விடும். ஒரு ஆதாருக்கு ஒரு சீட்டு என்று வைத்தால் ஆயிரம் கணக்கு வைத்திருப்பவனுக்கும் வழி அடைபடும். ஆதார் உண்மையிலேயே பயன்படும் இடம் அதுதான். திருப்பதி தேவஸ்தானம் சுப்ரபாதம், தோமாலை போன்ற சேவைகளுக்கு இணையத்தில் குலுக்கல்தான் நடத்துகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமானால் தனியார் பள்ளிகளில் குலுக்கல்தான். பெருமாள் சேவைக்கும் எல்.கே.ஜி. சீட்டுக்கும் சரிப்படுவது எஸ்-7 கோச்சில் ஒரு அப்பர் பெர்த்துக்குச் சரிப்படாதா?

"சாவுக்குப் போகிறவன் குலுக்கலில் தோற்றால்?" என்று கேட்பார்கள். இன்றைக்கும் அவன் தோற்கத்தான் செய்கிறான். அழுதுகொண்டிருப்பவன் விரல் வேகமாக ஓடாது. குலுக்கலால் பெர்த் எண்ணிக்கை கூடாது என்பதும் வாஸ்தவம், கூடுதல் வண்டி விட்டால்தான் கூடும். ஆனால் இருக்கிற பெர்த்துக்காவது விளாத்திகுளத்துப் பையனுக்கும் ஏஜெண்டின் சர்வருக்கும் ஒரே எண்ணிக்கையில் சீட்டு விழும்.