தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியானதும் நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் இளைஞர்முன் ஒரே கேள்வியை வைக்கின்றன: எந்தப் பணியைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள்? ஒவ்வொரு தொழிலின் ஏற்றமும் இறக்கமும் அட்டவணையிட்டுக் காட்டப்படுகின்றன. ஆர்வத்தை அறிந்துகொள், திறனை வளர்த்துக்கொள், சரியானதைத் தேர்ந்தெடு என்பதே அறிவுரை. வேலை கிடைக்காமற் போனால் பிழை தேர்ந்தெடுத்தவருடையது என்பது அதில் சொல்லாமற் சொல்லப்படும் செய்தி.

அலகாபாத்தின் விடுதி அறைகளிலும் பாட்னாவின் பயிற்சி மையத் தெருக்களிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிப் படிக்கும் இளைஞர்களிடம் இந்த அறிவுரையைச் சொல்லிப் பார்க்கலாம். ஏற்ற இறக்கங்களை அவர்களைவிட நுட்பமாக எடைபோட்டவர்கள் நாட்டில் இல்லை. சிறு நிலத்தை நம்பிய குடும்பம், ஊரிலிருந்து மூட்டையாக வரும் அரிசியும் பருப்பும், நெருங்கிக்கொண்டிருக்கும் வயது வரம்பு ஆகியவற்றை வைத்துப் போடப்படும் கணக்கு அது. 2019 மார்ச்சில் இரயில்வே தனது கடைநிலைப் பிரிவில் 1,03,769 இடங்களை அறிவித்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பத்தாம் வகுப்புத் தகுதி போதுமான அப்பணிக்குப் பட்டதாரிகளும் பெருந்திரளாக வரிசையில் நின்றனர்.

அந்தப் பிரிவில் கணிசமான பகுதி தண்டவாளப் பராமரிப்புப் பணியாகும். கோடையில் காய்ந்த இரும்பின் அருகிலும், வட இந்தியக் குளிர்காலத்தில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாத பனிமூட்ட இரவிலும் கருவிகளைச் சுமந்து நெடுந்தொலைவு நடக்க வேண்டும். பணியின்போதே வண்டி மோதி இறந்தவர்கள் பலர். பட்டதாரி ஒருவர் இதைத் தேர்ந்தெடுப்பது தண்டவாளத்தின்மீது கொண்ட ஆர்வத்தாலன்று. மாதந்தோறும் ஊதியம் தவறாது. நோயுற்றால் மருத்துவமனை உண்டு. மேலதிகாரியின் சினத்துக்கு மறுநாளே வேலை பறிபோகாது. அநீதி நேர்ந்தால் முறையிடச் சங்கம் உண்டு.

இந்த ஏற்றங்கள் எவையும் அத்தொழிலோடு பிறந்தவை அல்ல. தண்டவாளத்தைத் தட்டிச் சரிசெய்யும் வேலையில் ஓய்வூதியம் என்ற குணம் எதுவும் இயல்பாக இல்லை. தலைமுறை தலைமுறையாக நடந்த சங்கப் போராட்டங்கள் அவற்றை அங்கே கொண்டுவந்து சேர்த்தன. 1974 மே மாதத்தில் பல இலட்சம் இரயில்வே தொழிலாளர்கள் சிறையையும் பணிநீக்கத்தையும் எதிர்கொண்டு நடத்திய வேலைநிறுத்தம் அவ்வரலாற்றின் பகுதி. அவ்வாறே, இறக்கங்களும் கொள்கையால் செய்யப்படுபவை. 2004 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசுப் பணியில் சேர்ந்தோர்க்கு, படைவீரர் நீங்கலாக, பழைய ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. வேலை மாறவில்லை, அதன் மதிப்பு ஒரே ஆணையில் குறைக்கப்பட்டது.

அந்த மதிப்புக் குறைந்த வேலையும் எளிதில் கிடைப்பதில்லை. 2019இல் அறிவிக்கப்பட்ட கடைநிலைப் பணிகளுக்கான எழுத்துத் தேர்வு 2022 ஆகஸ்டில்தான் தொடங்கியது. இடையே 2022 ஜனவரியில், இரயில்வேயின் மற்றொரு தேர்வு முடிவின் குளறுபடியையும், கடைநிலைப் பணிக்கு இரண்டாம் கட்டத் தேர்வைப் புகுத்தியதையும் எதிர்த்துப் பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் இளைஞர்கள் தண்டவாளங்களில் அமர்ந்தனர். அலகாபாத்தில் காவல்துறை விடுதிகளுக்குள் புகுந்து, அறைக் கதவுகளை உடைத்து அவர்களைத் தாக்கியது. 2014-15 முதல் 2021-22 வரை ஒன்றிய அரசுப் பணிகளுக்கு வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி, பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டோர் 7.22 இலட்சம். மக்களவையில் அரசே அளித்த கணக்கு இது. ஏறத்தாழ 300 விண்ணப்பங்களுக்கு ஒரு பணி. பணியிடம் இல்லாமலா இந்நிலை? 2021 மார்ச் 1 நிலவரப்படி ஒன்றிய அரசுத் துறைகளில் 9.79 இலட்சம் இடங்கள் காலியாகக் கிடந்தன என்பதும் அதே அரசின் கணக்குத்தான்.

2022 ஜூன் 14 அன்று, ஒன்றரை ஆண்டுகளில் 10 இலட்சம் பேரைப் பணியமர்த்துவதாகப் பிரதமர் அலுவலகம் அறிவித்தது. அதே நாளில் வெளியான மற்றோர் அறிவிப்பு அக்னிபாத். படைப்பணி நான்கு ஆண்டுகளாகச் சுருக்கப்பட்டது. அதன் முடிவில் நால்வரில் ஒருவர்வரை மட்டுமே தொடரலாம். ஏனையோர்க்கு ஒரு தொகை உண்டு, ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை. விடியற்காலையில் கிராமச் சாலைகளில் ஓடிப் பழகிய இளைஞருக்கு, இருபத்தைந்து வயதை ஒட்டி மீண்டும் வேலை தேடும் வாழ்க்கை எழுதப்பட்டது. இதையும் வாய்ப்பு என்றே அரசு பெயரிட்டது.

பெயரிடுவதில் முதலாளிகள் அரசுக்குச் சளைத்தவர்கள் அல்லர். உணவையும் பொருளையும் வீடுதோறும் சேர்ப்பிப்பவர் தொழிலாளி அல்லர், "பங்காளர்" என்கின்றன செயலி நிறுவனங்கள். வண்டியும் பெட்ரோலும் கைபேசியும் விபத்தும் அவருடையவை. கட்டணத்தைத் தீர்மானிப்பதும், காரணம் கூறாமல் கணக்கை முடக்குவதும் நிறுவனத்தின் உரிமை. 2020-21இல் 77 இலட்சமாக இருந்த இத்தகைய தொழிலாளர் எண்ணிக்கை 2029-30இல் 2.35 கோடியாகும் என்று நிதி ஆயோக் மதிப்பிட்டுள்ளது. 1975இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தாங்கி நிற்கும் அங்கன்வாடிப் பெண்களோ இன்றும் அரசின் ஏடுகளில் "மதிப்பூதியத் தொண்டர்கள்". அவர்களுக்குப் பணிக்கொடை உரியது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூற வேண்டியிருந்தது.

தெரிவு என்ற சொல்லே பொருந்தாத இடமும் உண்டு. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. எனினும் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சடைத்துச் சாவோரில் பெரும்பாலோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தொழிலைத் தேர்ந்தெடுக்கவும் மாற்றிக்கொள்ளவும் விடாத சாதி, வேலையின்மைக்கே நேரடிக் காரணமாகிறது என்று அம்பேத்கர் 1936இலேயே வாதிட்டார். பதினேழு வயது மாணவராக, 1835இல், தொழில் தெரிவைப் பற்றிப் பள்ளித் தேர்வில் கட்டுரை எழுதிய கார்ல் மார்க்சும், தெரிவு செய்யும் வயதை எட்டுமுன்பே சமூக உறவுகள் மனிதனை ஓரளவு தீர்மானித்துவிடுகின்றன என்று கண்டிருந்தார்.

கட்சி உறுப்பினர்களின் வீடுகளும் இந்த நிலைமைக்கு விலக்கல்ல. தந்தை நிரந்தரத் தொழிலாளியாக ஓய்வுபெற்ற பணிமனையில், மகன் ஒப்பந்ததாரரிடம் அதே வேலையை அதிற் சிறுபகுதி ஊதியத்துக்குச் செய்கிறார். மகனுக்கு முனைப்பு இல்லை என்று குறைப்படும் மூத்த தோழர்களும் இல்லாமலில்லை. அவர்கள் பணியில் சேர்ந்த காலத்து வாயில் மூடப்பட்டுவிட்டது. அதை மூடியது மகன் அல்லன். கசப்பாயினும் மற்றொன்றையும் கூற வேண்டும். நிரந்தரத் தொழிலாளரின் உரிமைகளைக் காப்பதில் காட்டிய உறுதியை, பல சங்கங்கள் அதே வளாகத்தின் ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்ப்பதில் காட்டவில்லை. வாயிலுக்கு வெளியே விண்ணப்பத்துடன் நிற்பவரோ எந்தச் சங்கப் பதிவேட்டிலும் இல்லை. அந்த வெற்றிடத்தில் சாதி, மத வெறுப்பை விதைக்கும் சக்திகள், உன் வேலையைப் பறித்தவன் பக்கத்து வீட்டுக்காரன் என்று சொல்லி நுழைகின்றன.

ஆகவே, காலிப்பணியிடங்களை நிரப்பு, நிரந்தர வேலையில் ஒப்பந்த முறையை ஒழி, அக்னிபாத்தைத் திரும்பப் பெறு, செயலித் தொழிலாளரைத் தொழிலாளர் என்று ஏற்றுக்கொள் ஆகிய கோரிக்கைகள் தொழிற்சங்க மேடையோடு நின்றுவிடலாகாது. தேர்வு மையம் நோக்கி நள்ளிரவு இரயில்களில் நெருக்கியடித்துச் செல்வோரிடமும், உணவகத்தின் முன் வண்டிமீது அமர்ந்து அடுத்த அழைப்புக்குக் காத்திருப்போரிடமும் அவை சென்றடைய வேண்டும். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் அரசு அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, இரயில் நிலையம் ஆகியவற்றில் எத்தனை இடங்கள் காலியாக உள்ளன, எத்தனை வேலைகள் ஒப்பந்ததாரரிடம் விடப்பட்டுள்ளன என்று கணக்கெடுத்து, அந்தப் பட்டியலோடு அப்பகுதி இளைஞர்களை வீடு வீடாகச் சந்திப்பதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.