டி.வி.யில தாத்தாவைக் காணோம்!

இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சாபம் உண்டு. வீட்டுல மிக்ஸி நின்னாலும் நம்மளைத்தான் கூப்பிடுவாங்க. 'நான் மெக்கானிக்கல், பாட்டி'ன்னு சொன்னாலும் விட மாட்டாங்க!

போன மாசம் எனக்கு அதைவிடப் பெரிய சோதனை. தாத்தா இறந்து ஒரு வருஷம். சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க. அவரோட கடைசிப் பொங்கலுக்கு நான் செல்போன்ல எடுத்த வீடியோவைப் பெரிசா பார்க்கணும்னு பாட்டிக்கு ஆசை. பழைய கம்ப்யூட்டரை ஹால் டி.வி.யோடு இணைச்சு 'ஹோம் தியேட்டர்'னு பீத்திக்கிட்டவன் நான்தானே! ஸ்விட்ச்சைத் தட்டினா... கும்மிருட்டு. பதினஞ்சு பேர் என் முதுகையே பார்க்கிறாங்க. "கடைக்காரரைக் கூப்பிடுப்பா"ன்னு ஒரு மாமா வேற!

இந்த நாள் உங்களுக்கும் வரும். அதனால, நான் தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

முதல்ல வயர்! தனியா கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தா, எச்.டி.எம்.ஐ. கேபிளை அந்த கார்டுலதான் செருகணும். மதர்போர்டுல இருக்கிற ஓட்டை பெரும்பாலும் தூங்கிட்டு இருக்கும். தூசி தட்டுறேன்னு முந்தின நாள் எல்லாத்தையும் கழட்டின நான், மாத்திச் செருகியிருந்தேன். அசடு வழிஞ்சது தனிக்கதை.

அப்புறமும் இருட்டா? டி.வி.யை முதல்ல ஆன் பண்ணி, சரியான எச்.டி.எம்.ஐ. இன்புட்டை வெச்சுட்டு, பிறகு கம்ப்யூட்டரை ஆன் பண்ணுங்க. 'என்னால இவ்வளவு ரெசல்யூஷன்தான் காட்ட முடியும்'னு டி.வி. ஒரு சின்னத் தகவல் அனுப்பும். அதுக்குப் பேரு ஈ.டி.ஐ.டி. அது வராட்டி கம்ப்யூட்டர் முழிக்கும்.

விண்டோஸ் 10, 11 வெச்சிருக்கீங்களா? விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி - நாலையும் சேர்த்து அமுக்கினா டிஸ்ப்ளே டிரைவர் புதுசா எழுந்து உட்காரும். ரெசல்யூஷனை மாத்தினதும் திரை போயிடுச்சா? எதையும் தொடாம 15 விநாடி பொறுமையா இருங்க. பழையபடி தானா திரும்பிடும்.

படம் வெளுத்து, கறுப்பு சாம்பலாத் தெரியுதா? கம்ப்யூட்டர் 16 - 235 அளவுல அனுப்புது, டி.வி. 0 - 255 எதிர்பார்க்குதுன்னு அர்த்தம். ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாங்க. 4கே டி.வி.யில மவுஸ் நொண்டி அடிச்சா, பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 மேல சந்தேகப்படுங்க. அதுல 4கே-க்கு விநாடிக்கு 30 ஃப்ரேம்தான். 60 வேணும்னா 2013-ல வந்த 2.0 வேணும்.

சரி, கதைக்கு வருவோம். படம் வந்துடுச்சு. கைதட்டல் வேற! ஆனா பாட்டி மட்டும், "உங்க தாத்தா எங்கடா? ஓரத்துல நின்னாரே..."ன்னாங்க. பார்த்தா, பாதி முகம் டி.வி. சட்டத்துக்குள்ள போயிருந்தது. என் செல்போன்ல முழுசா இருக்கார்!

வில்லன் பேரு ஓவர்ஸ்கேன். அந்தக் காலத்து பிக்சர் ட்யூப் டி.வி.யில ஓரம் சரியா இருக்காது. அதனால படத்தைக் கொஞ்சம் ஊதிப் பெரிசாக்கி, ஓரத்தை மறைச்சுடுவாங்க. டியூப் போயும் அந்தப் பழக்கம் போகலை. டி.வி. மெனுவுல படத்தோட அளவுன்னு ஒரு இடம் இருக்கும். அங்க 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்ஸல்'னு கம்பெனிக்கு ஒரு பேரு. அதைப் போட்டேன்.

தாத்தா முழுசா வந்துட்டார். கையில கரும்பு, முகத்துல அதே சிரிப்பு.

பாட்டி ஒண்ணும் சொல்லலை. "இன்னொரு தடவை போடு"ன்னாங்க. ஏழு தடவை போட்டேன்.

மறுநாள் காலையில நிஜமாவே மிக்ஸி நின்னுபோச்சு. அது வேற வாரம்!