ஆனைமயிர் மோதிரம் அசலா எண்டு கேட்கிறம்

ஆனைமயிர் மோதிரம் போட்டா கண்ணூறு படாது, பயம் போகும் எண்டு நம்புற சனம் எங்களுக்குள்ள இன்னும் இருக்கு. அசலோ எண்டு பார்க்க நெருப்பில பிடிப்பினம். மயிர் பொசுங்கிற மணம் வந்தா அசலாம். அதில தெரியிறது பிளாஸ்ரிக் இல்லை எண்டது மட்டும்தான். மாட்டு வால்மயிரும் அப்பிடித்தான் மணக்கும். இரண்டும் கெரற்றின் என்ற புரதம்.

தடயவியல் அதே கெரற்றினை வேறு விதமாகப் பார்க்கிறது. மயிரைக் கரைத்து, திரிப்சின் என்ற நொதியத்தால் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் திணிவையும் திணிவு நிறமாலைமானியில் அளக்கிறார்கள். கெரற்றினின் அமினோ அமில வரிசை விலங்குக்கு விலங்கு கொஞ்சம் மாறும். அதனால் கிடைக்கும் திணிவுகளும் மாறும். ஏற்கெனவே தெரிந்த விலங்குகளின் பதிவுகளோடு அதை ஒப்பிடுவார்கள். வேர் இல்லாத, சாயம் ஏற்றிய மயிரில் நல்ல டிஎன்ஏ கிடைப்பது கஷ்டம். கெரற்றின் லேசில் அழியாது.

எவ்வளவு காலம் நிற்கும் எண்டு கேட்டால், அல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கிடைத்த ஒட்சியைச் சொல்லலாம். சுமார் 5,300 வருடப் பழைய மனிதன். 2008இல் அவனுடைய உடுப்பு மயிரை இந்த முறையில் பார்த்து, மேலங்கி செம்மறித்தோல், சப்பாத்து மாட்டுத்தோல் என்றார்கள். 2016இல் டிஎன்ஏ பார்த்தவர்கள் மேலங்கியில் வெள்ளாட்டுத் தோலும் இருப்பதைக் கண்டார்கள். பல தோல்களை ஒட்டுப்போட்டுத் தைத்த அங்கி அது. எடுத்த மயிர் எந்தத் தோலில் இருந்து வந்ததோ, அதைப் பற்றித்தான் சோதனை பேசும்.

மோதிரத்திலயும் இதுதான் கதை. ஆனை எண்டு முடிவு வரலாம். எந்த ஆனை, உயிரோட நிக்குதா செத்ததா, மயிர் தானா விழுந்ததா பிடுங்கினதா, ஒண்டும் வராது. ஆசிய யானை 1975இல் இருந்து சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் இருக்கு. நாடு விட்டு நாடு வியாபாரம் செய்ய ஏலாது. வழக்கு எண்டு வந்தால் இந்தச் சோதனை கட்டாயம் வேணும், அதில எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனா வாங்கிற ஆள் கேட்கிற கேள்வியும் வழக்கு கேட்கிற கேள்வியும் ஒண்டுதான்: இது ஆனையா? ஆம் எண்டு வந்தா வழக்குக்கு அது குற்றத்துக்கான சாட்சி, வாங்கினவருக்குச் சந்தோசம். மாட்டுமயிர் எண்டு வந்தா ஏமாத்திப்போட்டாங்கள் எண்டு கோபப்பட்டு, அடுத்த கடையில அசல் தேடுவார். நாளைக்கு இந்தச் சோதனை மலிஞ்சா, 'ஆய்வுகூடத்தில் உறுதிசெய்த அசல்' எண்டு ஒரு சீட்டோட மோதிரம் விக்கவும் ஆக்கள் வருவினம்.